மூன்று எலும்புகளின் வேலையைக் காதாலேயே கேட்க ஓர் இசைக்கவை போதும்

எட்டாம் வகுப்பில் ஒலிப் பாடம் வந்தால் நான் கரும்பலகையில் காதுப் படத்தை வரைந்து தொடங்குவதில்லை. நடுச்செவியின் மூன்று சிறு எலும்புகளைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகள், அவை செய்யும் வேலையைத் தங்கள் காதாலேயே கேட்டுவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

512 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 512 அதிர்வு) என்று பொறித்த இசைக்கவை, அதாவது தட்டினால் ஒரே சுரத்தில் ஒலிக்கும் இரு புய உலோகக் கவை, ஆய்வகத்தில் இருக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். கவையை மேசையில் அடித்தால் வேறு சுரங்களும் கலந்துவிடும். உங்கள் முழங்கையில் தட்டினால் போதும். காதுமடலுக்குப் பின்னால் தட்டுப்படும் எலும்புப் புடைப்பில் கவையின் காம்பை அழுத்தி வையுங்கள். ஓசை அடங்கியதும் மாணவர் கை தூக்கட்டும். மறுபடி தட்டாமல், கவையின் புயங்களைக் காதுத் துளைக்கு நேரே, இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். அடங்கிய ஓசை மீண்டும் கேட்கும். ஏன் என்று வகுப்பே கேட்கும். அப்போது பாடத்தைத் தொடங்குங்கள்.

பின்னால் வைத்தபோது அதிர்வு மண்டையோட்டின் வழியாக உட்செவிக்குப் போனது. முன்னால் பிடித்தபோது காற்று வழியாக வந்து செவிப்பறையையும் மூன்று எலும்புகளையும் ஆட்டியது. உட்செவியில் இருப்பது திரவம். காற்றில் வரும் ஒலி நேரே திரவத்தில் மோதினால் ஏறக்குறைய 99.9 சதவீதம் திரும்பிவிடும். அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டுபவை இந்த எலும்புகள். செவிப்பறையின் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். உட்செவியைத் தொடும் அங்கவடியின் அடித்தட்டு சுமார் 3.2தான். அகன்ற பரப்பில் வாங்கிய விசை குறுகிய இடத்தில் இறங்குவதால் அழுத்தம் 17 மடங்காகிறது. சுத்தியின் கை பட்டடையின் கையைவிட நீளம் என்பதால் நெம்புகோல் விதிப்படி மேலும் 1.3 மடங்கு. பெருக்கச் சொல்லுங்கள்: ஏறக்குறைய 22. இத்தனைக்கும் அங்கவடியின் உயரம் மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

1855இல் ஜெர்மன் மருத்துவர் அடோல்ஃப் ரின்னே விவரித்த சோதனை இது. காது மருத்துவர்கள் இன்றும் செய்கிறார்கள்.

இரு காதுகளையும் தனித்தனியே பாருங்கள். ஒரு பிள்ளை, பின்னால்தான் நன்றாகக் கேட்கிறது, முன்னால் கேட்கவில்லை என்றால், அதை வகுப்பின் முன் பேசாதீர்கள். காதழுக்கு அடைத்திருக்கலாம், சளிக்குப் பின் நடுச்செவியில் நீர் தேங்கியிருக்கலாம், செவிப்பறை கிழிந்திருக்கலாம். எது என்று முடிவு செய்வது நம் வேலை அல்ல. காதில் எண்ணெய் ஊற்ற வேண்டாம், பஞ்சுக் குச்சி விட வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லி, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்தப் பிள்ளை கடைசி வரிசையில் இருந்தால், அன்றைக்கே முன் வரிசைக்கு மாற்றுங்கள்.