ஊட்டியில் தூண்டில் போடலாமா? டிரவுட் ஆசையோடு ஊருக்கு வரும் குடும்பங்களுக்கு

நாங்கள் முதல் தடவை பட்ட அவமானத்திலிருந்தே தொடங்குகிறேன். கனடாவின் கால்கரியிலிருந்து டிசம்பர் விடுமுறைக்குக் கோவை வந்திருந்தோம். பையனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு. அங்கே ஒவ்வொரு கோடையிலும் ராக்கி மலைப் பக்கம் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, மூன்று நாள் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடித்துப் பழகிய பிள்ளைகள். நீலகிரியிலும் அதே மீன் இருக்கிறது என்று எங்கோ படித்துவிட்டார்கள். அப்புறம் விடுவார்களா? இணையத்தில் தேடியதில் ஊட்டிக்கு அருகே எமரால்டு அணைப் பக்கம் ஒரு தங்குமிடம் கிடைத்தது. "ஏரிக்கரைக் கூடாரம், மீன்பிடிப்பு உண்டு" என்று படத்தோடு போட்டிருந்தார்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன்.

சாயங்காலம் ஆறரை இருக்கும். கூடாரம் நின்றுவிட்டது, தூண்டிலைக் கோத்துக்கொண்டிருந்தோம். கையில் டார்ச்சோடு வனக்காவலர் ஒருவர் வந்தார்.

"சார், எந்த ஊருங்க?"

"கோயமுத்தூருங்க."

"பக்கத்து ஊர்க்காரரே இப்படிப் பண்ணினா எப்படிங்க? நேத்து இந்நேரம் இதே இடத்துலதான் காட்டெருமைக் கூட்டம் நின்னுட்டு இருந்துச்சு."

அபராதம் கட்டி, இருட்டில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊட்டிக்குத் திரும்பினோம். தங்குமிடக்காரர் அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. அவரைத் திட்டிப் பயனில்லை. கனடாவில் ஓர் ஏரிக்குப் போகும்முன் உரிமம், இட முன்பதிவு, தீ எச்சரிக்கை என்று பத்து விஷயம் பார்க்கிற நான், சொந்த ஊர் என்றதும் ஒன்றையும் பார்க்கவில்லை.

இங்கே விஷயம் எப்படி என்றால், அணையின் தண்ணீர் மின்வாரியத்துடையது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி எல்லாம் குந்தா நீர்மின் திட்டத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள், இயற்கை ஏரிகள் அல்ல. தண்ணீருக்குள் இருக்கும் மீன் மீன்வளத்துறையின் பொறுப்பு. கரையும் அதைச் சுற்றிய சோலையும் பெரும்பாலும் வனத்துறையிடம். ஆக மூன்று பேர். ஒருவர் சரி என்றார் என்பதால் மற்ற இருவரும் சரி என்றதாக ஆகாது. தங்குமிடக்காரர் நான்காவது ஆள், அவர் சொல்வதற்கு எந்த மதிப்பும் கிடையாது. "நம்ம ஆளு ஒருத்தர் இருக்காரு, பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், அந்த ஆள் சாயங்காலம் ஆறரைக்கு உங்கள் பக்கத்தில் நிற்பாரா என்று கேளுங்கள்.

எனவே தூண்டில் ஆசை உண்மையாக இருந்தால், பயணச்சீட்டு போடும் முன்பே உதகையில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தை உள்ளூர் உறவினர் யாரையாவது நேரில் போய் விசாரிக்கச் சொல்லுங்கள். எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை பேர் என்று எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். எழுத்தில் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பயணத்தில் தூண்டில் இல்லை, அவ்வளவுதான். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் என்றால் விசாரிக்கவே வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கிருந்து ஓர் உயிரையும் எடுக்க முடியாது. அங்கே 'ஃபிஷிங் ஹட்' என்ற பெயரில் ஒரு பழைய வனக்குடில் உண்டு. அந்தப் பெயரை நம்பித் தூண்டிலோடு போய்விடாதீர்கள்.

இந்த மீன் எப்படி இங்கே வந்தது என்பது பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை. குளிர் நாட்டு நினைப்பில் தவித்த வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்தது. 1863இல் ஃபிரான்சிஸ் டே என்ற மருத்துவர் முயன்று தோற்றார். பிறகு எச்.சி. வில்சன் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் டிரவுட் இங்கே நிலைத்தது. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே, ஓடிக்கொண்டே, பிராணவாயு நிறைந்து இருக்க வேண்டும் என்பதால் மலையின் உச்சிப் பகுதியைவிட்டு அது கீழே இறங்கவே இல்லை. அணைகளில் பெரிதாகத் துள்ளுவதைப் பார்த்து டிரவுட் என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் அது கெண்டை வகை. ஊட்டி ஏரியில் விட்ட கண்ணாடிக் கெண்டையும் 1939இல் இலங்கையிலிருந்து வந்ததுதான். டிரவுட்டை அணைக்கு வந்து சேரும் ஓடைகளில்தான் தேட வேண்டும். அந்த ஓடைகளோ காட்டுக்குள் இருக்கின்றன.

எப்போது வருவது என்பதில்தான் வெளிநாட்டுக் குடும்பங்களுக்குப் பெரிய இடி. உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். அவலாஞ்சிக்குத் தென்மேற்குப் பருவமழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ரொறொன்ரோவில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த மழையில் ஏரிக்கரையில் குழந்தையோடு கூடாரம் என்று யோசிக்கவே கூடாது. மே மாதம் தண்ணீரும் வானமும் நன்றாக இருக்கும், ஆனால் தமிழ்நாட்டில் பாதிப்பேர் ஊட்டியில் இருப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் மே அளவுக்குக் கூட்டம் இல்லை, வானம் தெளிவு, விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். "ஊட்டிதானே" என்று மெல்லிய சட்டையோடு வந்த என் கால்கரிப் பிள்ளைகள் இங்கேதான் நடுங்கினார்கள். மரபுரிமை வீடானாலும் புதிய விடுதியானாலும் உள்ளே பெரும்பாலும் வெப்பமூட்டி இருக்காது என்பதை யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் டிசம்பர் கடைசி. செப்டம்பர் பின்பாதியும் பரவாயில்லை, ஆனால் பள்ளியில் யார் விடுவார்கள்?

2024 மே முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். வெளிநாட்டு எண் வைத்திருப்போர் மின்னஞ்சல் மூலம் பதியலாம். 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். வாடகைக் காரில் வந்தால் ஓட்டுநர் இ-பாஸ் எடுத்துவிட்டாரா என்று கிளம்பும் முன் கேளுங்கள். மேட்டுப்பாளையத்தில் நின்றுகொண்டு கேட்டால் காலை போய்விடும். பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலையும் மலையடிவாரத்திலேயே பறித்துக்கொள்வார்கள். எஃகுக் குடுவை கொண்டு வாருங்கள். ஓசிஐ எனப்படும் வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தால் அதைக் கையில் வைத்திருங்கள். தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணத்தில் இந்தியர் விலைதான் உங்களுக்கும், ஆனால் அட்டையைக் காட்டினால்தான்.

பெட்டியில் என்ன வைக்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

மலையேறும் பழக்கம் உள்ளவர்கள் அங்கே செயற்கைக்கோள் தொடர்புக் கருவி வைத்திருப்போம். கார்மின் இன்ரீச், செயற்கைக்கோள் போன் போன்றவை. அவற்றை இந்தியாவுக்குக் கொண்டு வராதீர்கள். அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இங்கே குற்றம். விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பையில் கண்டெடுத்து, வெளிநாட்டுப் பயணிகளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. உயிர் காக்கும் கருவி என்று நாம் சொல்லும் நியாயம் அந்த இடத்தில் எடுபடாது. வீட்டு அலமாரியிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது, தண்ணீரில் இறங்கிய பழைய பூட்ஸ், நீர்புகாக் கால்சட்டை, வலை. 2016இல் கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவின் ஜான்சன் ஏரியில் டிரவுட்டுக்கு வரும் ஒரு நோயைக் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி குஞ்சு மீனின் குருத்தெலும்பைத் தாக்க, மீன் நேராக நீந்த முடியாமல் வட்டமடித்து வட்டமடித்தே செத்துப்போகும். அது சேற்றில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யக்கூடியது. நூறு வருடத்துக்கு மேலாக ஒரு மலையுச்சியில் தனியாகக் கிடக்கும் மீனுக்கு, நம் பூட்ஸ் அடியிலிருந்து அப்படியொன்றைக் கொண்டுவந்து சேர்த்தால் அதைவிடப் பாவம் இல்லை. காலுக்குப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். தூண்டில் முள், ரீல், தங்கூசி நரம்பு எல்லாம் கோவையிலேயே கிடைக்கும். செயற்கைப் பூச்சி கட்டி வீசுகிறவர்கள் மட்டும் சின்னப் பெட்டியில் அதைக் கொண்டு வரலாம். அடுப்பு எரிவாயுக் குப்பியும் கரடி விரட்டும் தெளிப்பானும் விமானத்தில் ஏறாது என்பது தெரிந்ததுதானே. ட்ரோனும் வேண்டாம்.

சரி, தூண்டில் இல்லை, ஏரிக்கரைக் கூடாரம் இல்லை, பிறகு எதற்கு மலையேறுவது என்று என் பையன் கேட்டான். அடுத்த முறை நாங்கள் செய்தது இது. எமரால்டு கிராமத்தை ஒட்டி, பதிவு பெற்ற ஒரு வீட்டுத் தங்கலில் அறை எடுத்தோம். அவர்களுடைய சொந்தத் தோட்டத்துப் புல்தரையில் பிள்ளைகளுக்காக ஒரு கூடாரம். சுற்றிலும் முட்டைக்கோசும் கேரட்டும்தான், ஆனால் மூடுபனி இறங்கியபின் அது ஏரியா வயலா என்று யாருக்குத் தெரியும்? இரவில் சாப்பாட்டுப் பொருள் எதையும் வெளியே வைக்க விடவில்லை அந்த வீட்டு அம்மா. தேயிலைத் தோட்டத்துக்குள் கரடியும் காட்டெருமையும் வந்துபோகும் ஊர் இது. காலையில் சுடச்சுட டீயும் ஊட்டி வர்க்கியும். பிள்ளைகள் மார்ஷ்மெல்லோவைக் கேட்கவே இல்லை.

மறுநாள் அவலாஞ்சி. ஊட்டியிலிருந்து சுமார் 28 கிலோமீட்டர், கடைசிப் பகுதி குண்டும் குழியும். அதற்கு மேல் சொந்த வண்டி போகாது, வனத்துறை வண்டியில்தான் சோலைக்குள் அழைத்துப் போவார்கள். சீக்கிரமே போய் வரிசையில் நில்லுங்கள், வண்டி எண்ணிக்கை குறைவு. காட்டுக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும் என்றால், 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா போகும் பாதை அதில் உண்டு. உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு, அனுமதி இல்லாமல் காட்டுக்குள் நடப்பதை இங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. காட்டுத்தீ அபாயம் இருக்கும் கோடைத் தொடக்கத்தில் இந்தப் பாதைகளை மூடிவிடுவதும் உண்டு. மழை ஈரம் காயாத நாளில் போனால் அட்டை ஏறும். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகி, ஒரு பொட்டலம் உப்பு வைத்துக்கொண்டால் போதும்.

பிடித்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளை உங்களிடம் இருந்தால் வடக்கே போங்கள். இமாச்சலில் தீர்த்தன் பள்ளத்தாக்கு. டெல்லியிலிருந்து மணாலி போகும் இரவுப் பேருந்தில் ஏறி, ஔட் என்ற இடத்தில் இறங்கி, பஞ்சார் வழியாகப் போகலாம். அங்கே மாநில மீன்வளத்துறை தூண்டில்காரர்களுக்கு நாள் உரிமம் தருகிறது. நம்மூரில் கிடைக்காத அந்தச் சீட்டு அங்கே சாதாரணம். ஆனால் நவம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதிவரை டிரவுட் முட்டையிடும் காலம் என்று மூடிவிடுவார்கள். டிசம்பர் விடுமுறைக்காரர்களுக்கு அதுவும் இல்லை. ஜூலை, ஆகஸ்டில் ஆறு கலங்கி ஓடும். ஏப்ரல், மே வாய்த்தால் அருமை. கரையோர வீடுகளில் கூடாரத்துக்கும் இடம் தருவார்கள்.

உண்மையான மலை ஏரி, உண்மையான கூடாரம், ஏரிக்குள் டிரவுட், ஜூலை ஆகஸ்டு என்று நான்கும் ஒன்றுசேரும் இடம் காஷ்மீர். கங்காபல், விஷன்சர் ஏரிகளெல்லாம் 3,500 மீட்டருக்கு மேலே. பருவமழை அங்கே அவ்வளவாக எட்டாது. உரிமம் ஸ்ரீநகரில் மீன்வளத்துறையிடம் வாங்க வேண்டும். ஆனால் முன்பதிவு செய்யும் முன் நீங்கள் வாழும் நாட்டின் பயண எச்சரிக்கையைப் பாருங்கள். "போகாதே" என்று எழுதியிருந்தால் உங்கள் பயணக் காப்பீடு பெரும்பாலும் ஒரு பைசா தராது. அந்த உயரத்தில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறினால் இறக்கிக்கொண்டு வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். பத்து வயதுக்குக் கீழே இருந்தால் நான் கூட்டிப் போக மாட்டேன்.

இலங்கைக்குப் போகிறவர்கள் கேட்பதுண்டு. நுவரெலியாவுக்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளிலும் வெள்ளைக்காரர்கள் விட்ட வானவில் டிரவுட் இருக்கிறது. 1988இல் அந்தச் சமவெளி தேசியப் பூங்கா ஆகிவிட்டது. எனவே அங்கேயும் பாலத்தில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி.

எங்கள் வீட்டில் இந்த டிசம்பருக்கான பட்டியலில் தூண்டில் இல்லை. மகள் மட்டும், உதகை மீன்வளத்துறைக்குத் தானே ஒரு விண்ணப்பம் எழுதப்போவதாகத் தமிழ் வகுப்பு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஐயா" என்று தொடங்கியிருக்கிறாள். அடுத்த வரி இன்னும் வரவில்லை.