கோடை லீவில் ஊருக்குப் போகும்போது கடல்நீர்த் தொட்டியை என்ன செய்வது?

பள்ளி லீவு விட்டு ஊருக்குக் கிளம்புவது மே மாதத்தில். வேலூரில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டுவதும் அதே மே மாதத்தில். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் "மீனுக்கு யார் தீனி போடுவார்கள்?" என்றுதான் முதலில் தவிக்கிறார்கள். அந்தக் கவலையைக் கடைசியில் வையுங்கள். நன்றாகத் தின்று பழகிய கிளவுன் மீனும் டாம்சலும் நாலைந்து நாள் பட்டினியைத் தாங்கும். ஆனால் தண்ணீர் கொதித்தாலோ, பம்ப் நின்றாலோ ஒரே நாளில் போய்விடும்; உப்பு ஏறினாலும் சேதம்தான். சென்னைக் கடல் இங்கிருந்து சுமார் 140 கிலோமீட்டர். இழந்ததை அவசரத்துக்கு ஓடிப்போய் வாங்கிவர முடியாது.

முதலில் தண்ணீர் மட்டம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 200 லிட்டர் தொட்டி, உப்பு 35 பிபிடி (ஆயிரம் பங்குக்கு 35 பங்கு) என்று வைத்துக்கொள்வோம். கோடையில், மேலே ஃபேனும் ஓடினால், நாளுக்கு 4 லிட்டர் போவது சாதாரணம். ஐந்து நாளில் 20 லிட்டர் குறைந்து, மீதமுள்ள 180 லிட்டரில் உப்பு ஏறக்குறைய 39 பிபிடிக்கு ஏறிவிடும். மீன் எப்படியோ சமாளிக்கும். இறாலும் நத்தையும் பவளமும் சமாளிக்காது. உங்கள் தொட்டி எவ்வளவு குடிக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் மூன்று நாள் சம்ப்பில் (கீழ்த்தொட்டியில்) டேப் ஒட்டி, ஊற்றிய தண்ணீரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

தானாக நிரப்பும் கருவி இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அதன் நீர்ச்சேமிப்பு எவ்வளவு இருக்கலாம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பத்து நாளைக்கு 40 லிட்டர் வேண்டுமே என்று பெரிய டிரம்மை வைத்துவிடுகிறார்கள். மிதவை சிக்கி அத்தனையும் ஒரே மூச்சில் உள்ளே போனால், 35 பிபிடி 29க்கு இறங்கிவிடும், தரையெல்லாம் வெள்ளம் வேறு. சேமிப்பு தொட்டியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். 20 லிட்டர் முழுதாகப் போனாலும் 32க்கு அருகில்தான் நிற்கும், அதைத் திருத்தலாம். ஐந்தாம் நாளில் யாராவது வந்து மறுபடி நிரப்பட்டும். குழாய் லைனில் நேரடியாக இணைக்கவே கூடாது. சொட்டும் குழாயின் நுனி சம்ப் தண்ணீருக்கும், சேமிப்பின் நீர்மட்டத்துக்கும் மேலே நிற்க வேண்டும். நுனி சேமிப்பின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் பம்ப் நின்ற பிறகும் சேமிப்பு தானே இறங்கிக்கொண்டிருக்கும். மிதவையை வினிகரில் கழுவி உப்புப் பொருக்கை எடுங்கள். நத்தை ஏறி உட்காராதபடி சுற்றிலும் வலை போடுங்கள்.

நிரப்பும் தண்ணீர் ஆர்ஓ டிஐ நீராக (தாது முழுதும் நீக்கிய நீராக) இருக்கட்டும், கரைந்த தாதுவை அளக்கும் டிடிஎஸ் பேனா 0 காட்ட வேண்டும். சமையலறை ஆர்ஓ மெஷினில் தாது கலக்கும் அமைப்பு இருந்தால் அந்த அளவுக்கு இறங்காது. அவசரத்துக்கு அது போதும், வழக்கமாக்கினால் பாசி பிடிக்கும். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் போர் தண்ணீரை மட்டும் தொடவே வேண்டாம்.

அடுத்தது வெப்பம். பூட்டிக் கிடக்கும் வீடு, அதுவும் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, மதியத்துக்குள் அடுப்பாகிவிடும். தொட்டியை 25 முதல் 27 டிகிரிக்குள் வைத்திருப்பது நல்லது. 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். வேலூர்க் கோடையின் காற்று சென்னைக் காற்றைவிட வறண்டது. அதனால் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசும் சிறு ஃபேன் இங்கே நன்றாக வேலை செய்து இரண்டு மூன்று டிகிரி இறக்கும், அதற்கேற்பத் தண்ணீரும் குடிக்கும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது எடுக்கும் சூட்டை அதே அறையில்தான் கொட்டுகிறது. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தால் அறை சூடேறி, சில்லர் ஓயாமல் ஓடித் திணறும். கம்பி போட்ட ஜன்னல் ஒன்றையாவது திறந்து வையுங்கள். ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மே மாதத்தில் அதற்கு வேலை இல்லை, கோளாறாகி அணையாமல் நின்றுவிட்டால் கதை முடிந்தது. விளக்கின் டைமரை இரண்டு மணி நேரம் குறைத்து வைத்தால் சூடும் குறையும், பாசியும் குறையும்.

ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவது நம் வீடுகளின் பழக்கம். தொட்டிக்குப் போகும் எம்சிபியின் மேல் "அணைக்காதே" என்று எழுதி ஒட்டுங்கள், வீட்டில் எல்லோருக்கும் சொல்லியும் வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தும் கரண்ட் பல மணி நேரம் வராமல் போகலாம். 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி, நல்ல நிலையில் இருந்தால், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் 40 வாட் ரிட்டர்ன் பம்பை ஏறக்குறைய 20 மணி நேரம் ஓட்டும். மற்ற லைட், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்திருக்க வேண்டும், பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டரும் சரியாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டரும் கைவிடும் நாளுக்காக, கரண்ட் போனதும் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும். ரிட்டர்ன் பம்பை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் தண்ணீர் முழுதும் சம்ப்பில் அடங்க வேண்டும்.

ஸ்கிம்மரின் (நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவியின்) கப்பைக் கழுவியதும் நுரையின் மட்டம் மாறக்கூடும். அதனால் அதைக் கிளம்பும் நாளில் செய்யாமல் மூன்று நாள் முன்பே செய்யுங்கள். மட்டத்தைச் சற்று இறக்கி, கெட்டி நுரை மட்டும் வரும்படி வையுங்கள். நீர்த்த நுரை உப்புநீரை வெளியேற்றும், அந்த இடத்தை நன்னீர் நிரப்பும், உப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போகும். வடிகட்டிப் பையைக் கழற்றிவிடுங்கள், அடைத்துக்கொண்டால் வழியும். 15 சதவீதத் தண்ணீர் மாற்றமும் அந்த மூன்று நாளுக்கு முன்பே முடியட்டும். கடைசி இரண்டு வாரத்தில் புதிய மீனோ பவளமோ வாங்கிப் போட வேண்டாம்.

தீனி விஷயத்தில், ஒரு வாரத்துக்கு மேல் போனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று நீங்களே கட்டி, மாத்திரை டப்பாவில் தேதி போட்டு வையுங்கள். தீனி டப்பாவை அலமாரியில் ஒளித்து வைப்பது கட்டாயம். பாவம் பசிக்குமே என்று அன்போடு அள்ளிப் போட்ட தீனிதான் அழுகி அம்மோனியாவாகிறது. அடிக்கடி தின்ன வேண்டிய ஆன்தியாஸ் மீன் இருந்தால் தானியங்கித் தீனிக் கருவி தேவை. ஈரத்தில் தீனி கட்டிபிடிக்கும் என்பதால் ஒரு வாரம் முன்பே ஓட்டிப் பாருங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கு ஒரே ஒரு தாள், இப்படி:

"அக்கா, சாயங்காலம் ஒருமுறை வந்து பார்த்தால் போதும். பம்ப் சத்தம் கேட்கணும். சிவப்பு டேப்புக்குக் கீழே தண்ணீர் இருந்தால் நீலக் கேனில் இருப்பதை டேப் வரைக்கும் ஊத்துங்க. உப்புத்தண்ணி மீன்தானேன்னு உப்பு எதுவும் போடாதீங்க. தண்ணீர்ச் சூட்டு மீட்டர் 30 காட்டினா ஃப்ரீசரில் இருக்கும் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டை மூடி திறக்காமல் கீழ்த்தொட்டியில மிதக்க விடுங்க. மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் உடனே போன் பண்ணுங்க. செத்த மீன் தெரிந்தால் வலையில எடுத்துடுங்க."

ஒரு லிட்டர் ஐஸ் 200 லிட்டரை அரை டிகிரிதான் இறக்கும். ஆகவே இரண்டு பாட்டில் ஒரு டிகிரி. உறையும்போது வெடிக்காமலிருக்கப் பாட்டிலின் கழுத்துவரை நிரப்பாதீர்கள்.

இதெல்லாம் சரியாக ஓடுகிறதா என்பதை வீட்டில் இருக்கும்போதே பாருங்கள். கிளம்புவதற்கு முந்தைய வாரம் மூன்று நாள், ஊரில் இல்லாதது போலத் தொட்டியைத் தொடாமல் விடுங்கள். அந்த அக்காவே வந்து செய்யட்டும்.

திரும்பி வந்ததும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எடுங்கள். உப்பு 39இல் நின்றால் ஒரே நாளில் இறக்காமல், நாளுக்கு ஒன்றிரண்டு பிபிடியாக நன்னீரால் இறக்குங்கள். மீன் ஏதாவது குறைந்திருந்தால் அம்மோனியா டெஸ்ட் செய்து, கிளம்பும் முன்பே கலக்கித் தயாராக வைத்திருக்க வேண்டிய 40 லிட்டர் உப்புநீரில் தண்ணீர் மாற்றுங்கள். முதல் நாள் தீனி பாதியளவு. வடிகட்டிப் பையை மறுநாள் மாட்டலாம்.