பட்டறைக்குள் பரண் அமைக்கும் முறை

பட்டறைத் தரையைப் பலகைகளும் பெட்டிகளும் அடைத்துக்கொள்ளும்போது, தலைக்கு மேல் வீணாகக் கிடக்கும் இடத்தில் ஒரு பரண் கட்டிவிடலாம். ஆனால் மரம் வாங்குவதற்கு முன்பே, பரண்மீது எதை, எவ்வளவு ஏற்றப்போகிறோம் என்று கணக்கிட்டுவிட வேண்டும். கன மீட்டருக்கு 700 கிலோ எடையுள்ள மரத்தை அரை மீட்டர் உயரத்துக்கு நெருக்கமாக அடுக்கினால், ஒரு சதுர மீட்டரில் 350 கிலோ ஏறிவிடும். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள பரணில் அது 2,100 கிலோ. நான்கு மூலைத் தூண்கள் மட்டுமே தாங்கினால், பரணின் சொந்த எடையைச் சேர்க்காமலேயே தூணுக்கு 525 கிலோ வரும். இந்த அளவுக்குச் சுமை ஏற்றுவதானால், தூண், உத்திரம் ஆகியவற்றின் அளவுகளைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்வதே முறை.

உத்திரம் தூணின்மீது உட்கார வேண்டும். பக்கவாட்டில் வெறும் போல்ட் போட்டு நிறுத்தினால், முழு எடையும் அந்தப் போல்ட்டின்மீதே விழும். ஆகவே தூணின் தலையில் படி வெட்டி, உத்திரத்தை அதில் அமர்த்தி, நழுவாமல் இருப்பதற்காக மட்டும் போல்ட்டை முடுக்குங்கள். அமர்ந்த இடத்தில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் நுழையுமானால், படியை உளியால் இன்னும் சமப்படுத்த வேண்டியிருக்கிறது என்று பொருள். கூரைச் சட்டத்திலிருந்து பரணைத் தொங்கவிடுவது எனக்கு உடன்பாடில்லை. கூரை பொதுவாகத் தன் எடையையும் காற்றையும் தாங்குவதற்கென்று கட்டப்பட்டது.

உத்திரங்களின்மீது குறுக்காகக் கிடக்கும் 50க்கு 100 மில்லிமீட்டர் சட்டத்தைப் படுக்கையாக வைப்பதைவிட, 100 மில்லிமீட்டர் பக்கம் உயரமாக வரும்படி வைத்தால், அதன் விறைப்பு நான்கு மடங்காகும். மாறாக, தாங்கிகளுக்கு இடையிலான தூரத்தை இரட்டிப்பாக்கினால், மீட்டருக்கு அதே சுமை இருந்தாலும் தொய்வு பதினாறு மடங்காகிவிடும். நடுவில் கூடுதலாக ஒரு தூண் நிறுத்துவது இடைஞ்சலாகத் தோன்றலாம். ஆயினும் சட்டத்தைப் பருமனாக்குவதைவிடப் பெரும்பாலும் அதுவே மேல்.

சட்டங்களை 400 மில்லிமீட்டர் இடைவெளியில் பொருத்தி, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை, அதன் மேல்தாளின் இழையோட்டம் சட்டங்களுக்குக் குறுக்காக அமையும்படி விரித்துத் திருகாணியிடுங்கள். இரு திசைகளிலும் தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே சாய்வுக் கட்டைகள் கொடுத்தால்தான், பொருளை இழுக்கும்போது பரண் ஆடாது. திறந்த விளிம்பில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கைப்பிடியும், பொருள் உருண்டு விழாதபடி அடியில் 100 மில்லிமீட்டர் தடுப்புப் பலகையும் கட்டாயம் வேண்டும். சுமை ஏற்றும்போது கனமானவற்றைத் தூண்களை ஒட்டியும், இலேசானவற்றை நடுவிலும் வையுங்கள்.