இருசமக் கூறிடல் முறையில் சறுக்கும் இடங்கள்

சமன்பாட்டின் மூலத்தை, அதாவது சார்பின் மதிப்பு சுழியாகும் இடத்தை, எண்வழியில் காண்பதற்கு இருசமக் கூறிடலை விட எளிய முறை இல்லை. சார்பின் மதிப்பு ஒரு முனையில் மிகையாகவும் மறுமுனையில் குறையாகவும் உள்ள இடைவெளியை எடுத்து, நடுப்புள்ளியில் மதிப்பைக் கண்டு, குறி மாறும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, இதையே திரும்பத் திரும்பச் செய்கிறோம். தவறாகக் கையாண்டாலும் ஏதோவொரு விடையைத் தந்துவிடும் என்பதுதான் இதன் சிக்கல்.

முனைகளில் குறி மாறினால் இடையே எங்கோ சார்பு சுழியாகும் என்று கணிதவியலாளர் போல்சானோ 1817இல் நிறுவிய தேற்றமே இம்முறைக்கு அடிப்படை. அது தொடர்ச்சியான, அதாவது இடையில் அறுபடாத, சார்புக்கு மட்டுமே பொருந்தும். குறி மாற்றத்தைச் சரிபார்ப்பவர்கள் தொடர்ச்சியைச் சரிபார்க்க மறந்துவிடுகிறார்கள். டேன் சார்பை 1 ரேடியன் முதல் 2 ரேடியன் வரை எடுத்தால் முனை மதிப்புகள் 1.557, −2.185 என வருகின்றன. நிரலும் தயங்காமல் 1.5708 என்று விடை சொல்லும். அங்கே மூலம் இல்லை. பை/2இல் அந்தச் சார்பு வரையறுக்கப்படவே இல்லை. கிடைத்த புள்ளியில் சார்பின் மதிப்பை ஒருமுறை அச்சிட்டால், அது சுழியை நெருங்காமல் லட்சக்கணக்கில் நிற்பது தெரிந்துவிடும்.

அந்தச் சோதனையை மட்டும் நம்பி நிறுத்துவதும் ஆபத்தே. மாறியிலிருந்து 1ஐக் கழித்து ஒன்பதாம் அடுக்குக்கு உயர்த்தும் சார்பின் மூலம் 1, ஆனால் 1.1இலேயே அதன் மதிப்பு நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே இடைவெளியின் நீளத்தையும் பார்க்க வேண்டும். அதையும் அளவுக்கு மீறிச் சுருக்க முடியாது: கணினி எண்களை வழக்கமாக 64 பிட்களில் சேமிக்கும் இரட்டைத் துல்லியத்தில் 1000க்கு அருகே அடுத்தடுத்த எண்களின் இடைவெளி ஏறத்தாழ 1.1 × 10⁻¹³ என்பதால், 10⁻¹⁵ வரை சுருங்கட்டும் என்று எழுதிய சுழற்சி முடிவதே இல்லை. 1 அலகு நீள இடைவெளியை 10⁻⁶க்குக் கீழே கொண்டுவர 20 சுற்றுகள் போதும். அதிகபட்சச் சுற்று எண்ணிக்கையை முன்பே கணக்கிட்டு வைப்பது நல்லது.

பலரும் கவனிக்காத இன்னொன்று, குறியறிய இரு மதிப்புகளைப் பெருக்குவது. 10⁻²⁰⁰ஐயும் −10⁻²⁰⁰ஐயும் பெருக்கினால் கணினியில் சுழியே மிஞ்சும். பெருக்கல் பலன் சுழியை விடச் சிறியதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வர, நிரல் தவறான பாதிக்குள் போய்விடும். குறிகளை நேரடியாக ஒப்பிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சைன் சார்புக்கு 1 முதல் 10 வரை மூன்று மூலங்கள் இருந்தும் 3.1416 மட்டுமே கிடைக்கும் என்பதையும் நினைவில் கொள்க.

தேர்வில் கையால் கணக்கிடுவோரின் வழக்கமான தவறு, கால்குலேட்டரைப் பாகை நிலையிலேயே விட்டுவிடுவது. ஓர் எண்ணும் அதன் கொசைனும் சமமாகும் இடம் ரேடியனில் 0.7391, பாகையில் கணக்கிட்டால் 0.9998 வரும். 0, 1 ஆகிய முனைகளில் குறி அப்போதும் ஒழுங்காகவே மாறுவதால், எழுதுபவருக்குச் சந்தேகமே எழாது.