போலந்துக்காரரைப் போல ஆங்கிலம் பேச ஒரு தொடக்கப் பயிற்சி

நாடகத்தில் போலந்துக்காரர் வேடம் கிடைத்தால், நம் நடிகர்களில் பலர் குரலைக் கனமாக்கி ரஷ்ய உளவாளியைப் போல ஆங்கிலம் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். போலந்தின் வரலாறு தெரிந்த எவருக்கும் இது உறுத்தும். போலந்தின் மொழியான போலிஷும் ரஷ்ய மொழியும் ஒரே ஸ்லாவிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் ரஷ்ய மொழியில் அழுத்தம் விழாத உயிரொலிகள் மங்கிப்போகும். போலிஷில் ஒவ்வோர் உயிரும் முழுதாக ஒலிக்கும். அந்தத் தெளிவுதான் இந்தப் பாணிக்கு அடித்தளம்.

படி 1: ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள்

போப் இரண்டாம் ஜான் பால் 1979 அமெரிக்கப் பயணத்தில் ஆங்கிலத்தில் ஆற்றிய உரைகள் நிதானமானவை, தொடங்குபவர்களுக்கு ஏற்றவை. 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தவரும் இவர்தான். இளம் பாத்திரம் என்றால் டென்னிஸ் வீராங்கனை இகா ஸ்வியாடெக்கின் செய்தியாளர் சந்திப்புகளைக் கேளுங்கள். பலரைக் கலந்து கேட்டால் குழப்பமே மிஞ்சும். ஒருவரோடு ஒரு வாரமாவது இருங்கள்.

படி 2: ட-வை விட்டு த-வுக்கு வாருங்கள்

தமிழ் நாக்குக்கு இங்கே பெரிய வசதி இருக்கிறது. ஆங்கிலத்தின் 'டீ', 'டைம்' போன்ற சொற்களை நாம் நாக்கை மடித்துச் சொல்கிறோம். போலந்துக்காரரின் நாக்கு நுனியோ மேற்பல்லைத் தொடும், நாம் 'தலை' என்று சொல்லும்போது தொடுவதைப் போலவே. ஆகவே 'டைம்' என்பதைத் 'தைம்' என்று சொல்லுங்கள். மூச்சுக்காற்றைத் தள்ளவும் வேண்டாம்.

ர எங்கே எழுதியிருந்தாலும் நாக்கை அதிரவிட்டு ஒலியுங்கள். 'திங்க்' என்பதின் முதல் ஒலி சிலரிடம் 'த' ஆகும், சிலரிடம் 'ஃப' ஆகும். உங்கள் பாத்திரத்துக்கு ஒன்றை முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள்.

படி 3: சொல்லின் முடிவைக் கெட்டியாக்குங்கள்

நமக்கு மிகவும் கடினமானது இதுதான். விரலைத் தொண்டையில் வைத்து 'தங்கம்' என்றும் 'பக்கம்' என்றும் சொல்லிப் பாருங்கள். தங்கத்தின் க-வில் தொண்டை அதிர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்தின் க-வில் அதிர்வு ஒரு கணம் நின்றுவிடும். போலிஷில் சொல்லின் இறுதியில் வரும், தங்கத்தின் க போன்ற அதிரும் மெய்கள் அதிர்வை இழந்துவிடும். எனவே பையைக் குறிக்கும் 'பேக்', பக்கத்தின் க் ஒலியோடு 'பெக்' என்று முடியும். 'லவ்' என்பது 'லஃப்' ஆகும். 'கோயிங்' என்பது 'பேங்க்' முடிவதைப் போலவே முடியும்.

தமிழ் வாய் இதற்கு நேர் எதிர்த்திசையில் இழுக்கும்: 'பேகு' என்று ஓர் உகரத்தை ஒட்டத் துடிக்கும். அந்த உகரம் எட்டிப் பார்த்தால் பாத்திரம் உடனே நம்மூர்க்காரர் ஆகிவிடும். அதேபோல் 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் இகரம் சேர்க்காதீர்கள். மெய்களை அடுக்கிப் பேசுவது போலந்துக்காரருக்குப் பிறவிப் பழக்கம்.

படி 4: கடைசிக்கு முந்திய அசையில் அழுத்துங்கள்

போலிஷ் சொற்களில் பெரும்பாலானவற்றுக்கு அழுத்தம் இறுதிக்கு முந்திய அசையில் விழும். ஆங்கிலம் பேசும்போதும் இந்தப் பழக்கம் உடன் வரும். 'இன்ட்ரஸ்டிங்' என்ற சொல்லில் ஆங்கிலேயர் முதல் அசையை அழுத்தி, நடுவில் பாதியை விழுங்கிவிடுவார். போலந்துக்காரர் எதையும் விழுங்க மாட்டார்: இன்-தெ-ரெஸ்-திங்க். அழுத்தம் 'ரெஸ்' மேல். இந்த ஒரே சொல்லில் பல்லைத் தொடும் த, மங்காத உயிர், கெட்டியான முடிவு, அழுத்தம் எல்லாம் இருப்பதால், எந்த ஒத்திகைக்கும் முன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

போலிஷில் குறில், நெடில் வேறுபாடு கிடையாது. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்', ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' இரண்டும் எளிதில் ஒன்றாகிவிடும்.

படி 5: ஒரு பெயரில் மூன்று ஒலி

லெக் வலேசா என்று நாம் எழுதிவரும் முன்னாள் போலந்து அதிபரின் பெயர், அங்கே ஏறக்குறைய 'லெஹ் வவென்ஸா' என்று ஒலிக்கும். முதல் சொல்லின் ஹ், அடிநாக்கு உயர்ந்து மூச்சு உரசும் ஒலி. போலந்துக்காரர் வாயில் ஆங்கிலத்தின் 'ஹவுஸ்', 'ஹெல்ப்' எல்லாம் அப்படித்தான் தொடங்கும். அடுத்த சொல்லில் முதல் வ கீழுதட்டில் பல் பட்டு வரும். இரண்டாவது வ உதட்டைக் குவித்து வரும். ஆங்கிலத்தில் 'வாட்டர்' என்று தொடங்கும் ஒலி போலிஷிலும் உண்டு என்பதற்கு அந்த இரண்டாவது வ சான்று. ஆகவே எல்லா இடத்திலும் உதட்டில் பல் படும் 'வ'-வைச் சொல்லாதீர்கள். எழுத்தைப் பார்த்து ஆங்கிலம் கற்ற முதியவருக்கு அது பொருந்தும், லண்டனில் வேலை பார்க்கும் இளைஞருக்குப் பொருந்தாது.

படி 6: இலக்கணத்தில் அடக்கம்

போலிஷில் ஆங்கிலத்தின் 'எ', 'தி' (a, the) போன்ற சொற்கள் இல்லை. அதனால் 'ஐ ஹேவ் கார்' என்று சிலர் சொல்வதுண்டு. பத்து வரிக்கு ஒருமுறை போதும். அளவு மீறினால் பாத்திரத்தை அறிவற்றவராகக் காட்டிவிடுவோம், அது அநியாயம். போலந்துக்காரரான ஜோசப் கான்ராட் இருபது வயதுக்குப் பிறகே ஆங்கிலம் பேசக் கற்று, அம்மொழியின் தலைசிறந்த நாவலாசிரியர்களில் ஒருவரானார்; அவருடைய பேச்சில் போலிஷ் வாடை கடைசிவரை இருந்தது.

இனி ஒரு பத்தியை அலைபேசியில் பதிவு செய்யுங்கள். முதல்முறை கேட்கும்போது சொல்முடிவுகளை மட்டும் கவனியுங்கள், அடுத்தமுறை அழுத்தத்தை மட்டும். உகரம் ஒட்டிய இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, அந்த வரிகளை மட்டும் மறுபடி பதிவு செய்யுங்கள்.