தில்லியைச் சுற்றிப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை இரவு சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் திங்கட்கிழமை காலையில் புதுதில்லியில் இறங்கலாம். இறங்கிக் குளித்த கையோடு நம்மவர்கள் புறப்படுவது பெரும்பாலும் செங்கோட்டைக்குத்தான். திங்கட்கிழமையோ செங்கோட்டைக்கு வார விடுமுறை. தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் ஆகியவையும் அன்று மூடியே இருக்கும். அதே நாளில் குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, சப்தர்ஜங் கல்லறை, லோதி தோட்டம் ஆகியவை வழக்கம்போல் திறந்திருப்பதால், திங்களன்று போய்ச் சேருகிறவர்கள் தென்தில்லியிலிருந்து தொடங்குவதே முறை. கடைத்தெருக்களுக்கும் இப்படித் தனித்தனி விடுமுறை உண்டு. சாந்தினி சௌக்கிலும் கன்னாட் பிளேஸிலும் பெரும்பாலான கடைகள் ஞாயிறன்று அடைத்திருக்கும். கரோல் பாக், லாஜ்பத் நகர், சரோஜினி நகர் ஆகியவற்றுக்குத் திங்கள் விடுமுறை. ஆக்ராவுக்கு ஒரு நடை போய்வர நினைப்பவர்கள் தாஜ் மகால் வெள்ளிக்கிழமை திறக்கப்படுவதில்லை என்பதையும், ஆகஸ்ட் மாதத்தில் வருபவர்கள் சுதந்திர தின ஏற்பாடுகளுக்காகச் செங்கோட்டை முன்கூட்டியே மூடப்படும் என்பதையும் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே கணக்கில் கொள்ள வேண்டும்.

தில்லியை ஒரே ஊராக நினைத்துத் திட்டமிடுவதுதான் மற்ற பல தவறுகளுக்கும் வேர். மெஹ்ரௌலி, சிரி, துக்ளகாபாத், ஃபிரோசாபாத், ஷாஜகானாபாத் என்று அரசர்கள் பலரும் தத்தமக்கென ஒரு தலைநகரை வெவ்வேறு இடத்தில் எழுப்பினார்கள். 1931இல் ஆங்கிலேயர் திறந்து வைத்த புதுதில்லி அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது. ஆகவே வடக்கே செங்கோட்டையையும் தெற்குக் கோடியில் குதுப் மினாரையும் ஒரே பகலுக்குள் அடைத்தால் நாளின் பெரும்பகுதி சாலையிலேயே கழிந்துவிடும். செங்கோட்டை, ஜாமா மசூதி, சாந்தினி சௌக் ஆகியவற்றுக்கு ஒரு நாள், ஹுமாயூன் கல்லறையும் லோதி தோட்டமும் அதன் சுற்றுப்புறமும் ஒரு நாள், மெஹ்ரௌலிக்கு அரை நாள் என்று பகுதிவாரியாகப் பிரித்துக்கொள்வது நல்லது. மெட்ரோ நிலையத்தின் பெயரை மட்டும் நம்பி இறங்குவதிலும் கவனம் தேவை. குதுப் மினார் நிலையத்தில் இறங்கியதும் கோபுரம் எதிரே வந்து நிற்காது, அங்கிருந்து ஆட்டோ பிடித்தாக வேண்டும்.

செங்கோட்டையைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களில் பலர், உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை என்று அலுத்துக்கொள்வதைக் கேட்கலாம். வரலாற்றை அறியாமல் உள்ளே போனால் அப்படித்தான் தோன்றும். ஷாஜகான் 1648இல் கட்டி முடித்த அரண்மனை வளாகத்தின் பெரும்பகுதியை 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இடித்துவிட்டு, அந்த இடத்தில் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். மிஞ்சியிருக்கும் மண்டபங்கள் புல்வெளியில் தனித்தனியாக நிற்பதற்கு இதுவே காரணம். லாகூர் வாயிலை ஒட்டிய கடைவரிசையிலேயே அரை மணி நேரத்தைச் செலவிட்டு, பொதுமக்கள் சபை மண்டபத்தோடு திரும்பிவிடாமல், கிழக்குச் சுவர் வரை நடந்து போக வேண்டும். அங்குள்ள மண்டபங்களின் பளிங்குத் தரை வழியே ஒரு நீர்க்கால் ஓடிய தடத்தை இன்றும் காணலாம். சுவருக்கு அப்பால் இப்போது வாகனங்கள் விரைகிற இடத்தில்தான் அன்று யமுனை கோட்டையை உரசிக்கொண்டு ஓடியது.

குதுப் மினாரில் நடக்கும் தவறு வேறு வகை. 72.5 மீட்டர் உயரக் கோபுரத்தை உள்ளங்கையில் தாங்குவதுபோல் படம் எடுத்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். கோபுரத்துக்குள் ஏறலாம் என்று குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்து அழைத்துப்போக வேண்டாம். 1981இல் உள்ளே நேர்ந்த நெரிசலில் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்ததிலிருந்து ஏறுவதற்கு அனுமதி இல்லை. உண்மையில் நேரம் ஒதுக்க வேண்டிய இடம் பக்கத்திலுள்ள மசூதியின் தூண் வரிசை. 27 கோயில்களின் கற்களைக் கொண்டு அது கட்டப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. தூண்களை நெருங்கிப் பார்த்தால் சங்கிலியில் தொங்கும் மணிகளும், நிறைகுடங்களும், முகம் சிதைக்கப்பட்ட உருவங்களும் தெரியும். நம் ஊர்க் கோயில் தூண்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை சட்டென்று பிடிபடும். முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் சுமார் 1,600 ஆண்டுகள் பழமையானது; இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் அதன் மேல் உண்டான மெல்லிய படலம் துருவைத் தடுக்கிறது. அதைப் பின்புறமாகக் கட்டிப்பிடித்தால் நினைத்தது நடக்கும் என்று வந்தவர்களெல்லாம் தழுவித் தழுவியே அடிப்பகுதி தேய்ந்து பளபளத்தது. வேலி போட்டிருப்பது அதனால்தான். அதைத் தாண்டிக் கையை நீட்டுவது அழகல்ல.

தோட்டங்களை வெறும் புல்தரை என்று எண்ணுவதையும் விட வேண்டும். ஹுமாயூன் கல்லறையைச் சுற்றியுள்ள தோட்டம், நீர்க்கால்களால் நான்காகவும் பின்னர் சிறு சதுரங்களாகவும் பகுக்கப்பட்ட அமைப்பு. கல்லறை அதன் நடுவில் அமையும்படி கட்டடமும் தோட்டமும் சேர்த்தே திட்டமிடப்பட்டவை. மேடை மீது ஏறி நான்கு பக்கமும் பார்த்தால்தான் அந்த ஒழுங்கு புரியும். நுழைந்தவுடன் வலப்பக்கம் இருக்கும் ஈசா கானின் எண்கோணக் கல்லறையைப் பெரும்பாலோர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். அது 1547ஐச் சேர்ந்தது, ஹுமாயூன் கல்லறையை விடவும் பழையது. லோதி தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, காலை நேரமே அதற்கு ஏற்றது. குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் மட்டும் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும், 2023 முதல் ஆகஸ்ட், செப்டம்பரில் சில வாரங்களும் மக்களுக்குத் திறக்கிறார்கள். அனுமதி இலவசம் என்றாலும் இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது.

பழைய தில்லியின் கடைத்தெருக்களுக்குக் காலை எட்டு மணிக்கே போய் நிற்பதில் பயனில்லை. பதினொரு மணிக்கு மேல்தான் அங்கே உயிர் வரும். சாந்தினி சௌக் பிரதான வீதியில் பகலில் மோட்டார் வாகனங்களுக்குத் தடை இருப்பதால், கடை வாசல் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லும் ஆட்டோக்காரரை நம்பக்கூடாது. மெட்ரோவில் வந்து நடப்பதே மேல். சைக்கிள் ரிக்ஷாவில் ஏறுவதானால், கூலி தலைக்கா வண்டிக்கா என்பதை ஏறும் முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். தரீபா கலானில் வெள்ளி வாங்கும்போது எடைக்கு எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லி, ரசீதும் பெற்றுக்கொள்ள வேண்டும். காரி பாவ்லி மசாலாப் பொருள்களின் மொத்த வியாபாரச் சந்தை. மிளகாய் மூட்டைகளின் நெடியில் தும்மலும் இருமலும் ஓயாது என்பதால் ஒரு கைக்குட்டையாவது வேண்டும், ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்த்துவிடலாம். சல்லிசான விலைக்குக் கிடைக்கும் குங்குமப்பூவை அங்கு மட்டுமல்ல, எங்குமே வாங்கக்கூடாது. "அரசு கடை" என்று சொல்லி யாராவது எங்கேனும் அழைத்துச் சென்றால் அங்கே அவருக்குத் தரகு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். மாநில அரசுகளின் உண்மையான விற்பனை நிலையங்கள் பாபா கடக் சிங் சாலையில் வரிசையாக இருக்கின்றன, நம் பூம்புகாரும் அங்கேதான்.

ஜாமா மசூதியில் தொழுகை நேரத்தில் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு அனுமதி இல்லை, வெள்ளிக்கிழமை நண்பகலை அடியோடு ஒதுக்கிவிடலாம். காலணிகளைக் கழற்ற வேண்டியிருப்பதால், வெயில் காலத்தில் முற்றத்தின் கல்தரை சுடும்போது காலுறை கைகொடுக்கும். குளிர் என்றால் ஊட்டி அளவுக்கு இருக்கும் என்று எண்ணி டிசம்பர், ஜனவரியில் வருவதும் தவறு. குளிரைத் தாங்கினாலும், மூடுபனியால் ரயில்களும் விமானங்களும் பல மணி நேரம் தாமதமாவதைத் தாங்க முடியாது. திரும்பும் நாளில் எதையும் பார்க்கத் திட்டமிடாமல் விட்டுவைக்க வேண்டும்.

தொல்லியல் துறையின் நுழைவுச் சீட்டை இணையத்தில் எடுத்தால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சீட்டே தேவையில்லை. இலங்கையிலிருந்து வரும் தமிழர்கள் பலர் தெரியாமல் வெளிநாட்டவர் கட்டணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இலங்கை உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு இந்தியர்களுக்கான கட்டணமே பொருந்தும். கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருந்து சீட்டு வாங்கும்போது காட்டினால் போதும்.