ஜாக் நுழைந்துவிட்டால் போதுமா? பழைய டிவி கேமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பிறந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் சேலத்து வீடுகளில் பரணிலிருந்து பழைய டிவி கேம் பெட்டிகள் கீழே இறங்கும். அப்பா ஆடிய மாரியோவைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை. முப்பது வருஷம் பரணில் சும்மா கிடந்து பிழைத்த பெட்டி, கீழே இறங்கி அரை மணி நேரத்தில் செத்துப்போகும். தொண்ணூறுகளில் எல்லோரும் செய்த அதே தவறுகளைப் புதிதாக இறங்குகிறவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். தூசி தட்டுவது, ஒயரை இறுக்கிச் செருகுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அது யாருக்கும் தெரியும்.

வைஃபை ரவுட்டர் அடாப்டரை மாட்டுவது

பெட்டியோடு வந்த எலிமினேட்டர் எப்போதோ தொலைந்திருக்கும். வீட்டில் பழைய ரவுட்டருடைய 12 வோல்ட் அடாப்டர் சும்மா கிடக்கும். அதன் உருளை ஜாக் இதிலும் கச்சிதமாக உட்காரும். சுவிட்சைப் போட்டால் லைட் எரியாது, அல்லது ஒரு நொடி எரிந்து அணையும். ‘டப்’ என்று ஒரு சத்தம், அதன் பின்னால் கருகல் வாடை. பழுது பார்க்கும் மேசைக்குப் பெட்டி வரும்போது கூடவே வரும் வாசகம்: “ஜாக் சரியாத்தானே உக்காந்துச்சு?”

உட்காரத்தான் செய்யும். இன்றைய ரவுட்டர், கேமரா அடாப்டர்கள் அநேகமாக எல்லாமே நடு பாசிட்டிவ்: ஜாக்கின் உள்துளை பிளஸ், வெளிவளையம் மைனஸ். 1983 ஜூலையில் ஜப்பானில் வந்த நின்டெண்டோ ஃபேமிகாம் இதற்கு நேர் எதிர். அதற்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், நடு நெகட்டிவ். அதைப் பார்த்து அடித்த நகல் பெட்டிகள்தான் நம் ஊரில் டிவி கேம் என்ற பெயரில் விற்றவை. அவற்றில் பல நடு நெகட்டிவ், சில நடு பாசிட்டிவ். அந்தந்தத் தொழிற்சாலையின் இஷ்டம், விதி கிடையாது.

ஒரே பெயரில் வந்த பெட்டிகளை நம்பியும் ஏமாறலாம். சேகா மெகா டிரைவின் முதல் மாடல் நடு நெகட்டிவ். இரண்டாவது மாடல் நடு பாசிட்டிவ், ஜாக்கும் சற்றே ஒல்லி. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த என்இஎஸ் (ஃபேமிகாமின் அமெரிக்க வடிவம்) என்றால் அதன் அடாப்டர் வெளியே விடுவது 9 வோல்ட் ஏசி. என்இஎஸ் பெட்டிக்குள் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் இருப்பதால் அது தாங்கும். அதே அடாப்டரை ஃபேமிகாமில் மாட்டினால் கதை முடிந்தது. அந்த அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கும் ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கும் செய்தவை. நம் 230-இல் நேராகச் செருகினால் அடாப்டரே முதலில் புகையும்.

தலைகீழாகக் கரண்ட் பாய்ந்தால் உள்ளே என்ன நடக்கிறது? ஜாக்கிலிருந்து வரும் கரண்ட் முதலில் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டருக்குப் போகும். எது வந்தாலும் அதை 5 வோல்ட்டாக்கிக் கொடுப்பது அதன் வேலை. பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் அதன் முன்னால் நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் சூடேறி உப்பி வெடிக்கும். அந்த ‘டப்’ அதுதான். ரெகுலேட்டரும் கெபாசிட்டரும் மட்டும் போனால் பத்து இருபது ரூபாயோடு முடியும். எதிர்க் கரண்ட் அவற்றைத் தாண்டி சிப்புக்குள் போனால்தான் நஷ்டம். நகல் பெட்டிகளின் போர்டில் கறுப்பு மெழுகைச் சொட்டியதுபோல ஒரு திட்டு இருக்கும். மொத்த கம்ப்யூட்டரும் அதற்குள்தான். கழற்றி மாற்ற முடியாது.

அஸ்தம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெட்டியின் கதை இது. முதலில் மொபைல் சார்ஜர் ஒயரை வெட்டி ஜாக் வைத்து 5 வோல்ட் கொடுத்திருக்கிறார்கள். ஓடவில்லை. ஓடாது, 7805-க்கு உள்ளே 7 வோல்ட்டாவது வந்தால்தான் வெளியே 5 முழுசாகக் கிடைக்கும். “பவர் பத்தலை” என்று ரவுட்டர் அடாப்டர். அதுவும் ஓடவில்லை. இன்னும் பத்தவில்லை என்று 12 வோல்ட் 2 ஆம்பியர் சிசிடிவி அடாப்டர். கடைசியில் ரெகுலேட்டர், கறுப்புத் திட்டு, செருகியிருந்த கேசட் மூன்றும் காலி. முதல் தடவையே நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எரிச்சல் வருவது இதனால்தான். தெரியாமல் ஒருமுறை மாட்டுவது மனித இயல்பு. ஓடாததற்கு மருந்து கூடுதல் கரண்ட் என்று நினைப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சரிபார்க்க ஐந்து நிமிடமும் ஒரு மல்டிமீட்டரும் போதும். முதலில் அடாப்டர். மீட்டரை டிசி 20-இல் வைத்து, சிவப்பு முனையை ஜாக்கின் உள்துளையிலும் கறுப்பை வெளிவளையத்திலும் வையுங்கள். எண் சும்மா வந்தால் நடு பாசிட்டிவ். மைனஸ் குறியோடு வந்தால் நடு நெகட்டிவ். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் அது ஏசி அடாப்டராக இருக்கலாம், ஏசி அளவில் மாற்றிப் பாருங்கள். கனமான டிரான்ஸ்ஃபார்மர் எலிமினேட்டரில் 9 என்று எழுதியிருந்தும் மீட்டர் 13, 14 காட்டினால் பதற வேண்டாம். சுமை இல்லாதபோது அப்படித்தான் காட்டும்.

அடுத்து பெட்டி. கரண்ட் இல்லாத நிலையில் திருகுகளைக் கழற்றி 7805-ஐக் கண்டுபிடியுங்கள். எழுத்து உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடது கால் உள்ளே வரும் கரண்ட், நடுக்கால் கிரவுண்டு, வலது கால் 5 வோல்ட். மீட்டரை ‘பீப்’ அடிக்கும் நிலையில் வைத்து, நடுக்காலிலிருந்து பெட்டியின் பவர் சாக்கெட்டுக்குத் தொடுங்கள். சாக்கெட்டின் நடு ஊசியில் பீப் அடித்தால் அது நடு நெகட்டிவ் பெட்டி. வெளித் தகட்டில் அடித்தால் நடு பாசிட்டிவ். இரண்டிலும் அடிக்காவிட்டால் உள்ளே பிரிட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு டயோடு கூட்டமாக இருக்கும்.

திறந்ததுதான் திறந்தீர்கள், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்5822 டயோடு ஒன்றைச் சாக்கெட்டின் பாசிட்டிவ் ஒயரில் வரிசையாகச் சேர்த்து ஈயம் வைத்துவிடுங்கள். கோடு போட்ட முனை போர்டைப் பார்த்திருக்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள்தான் தின்னும். நாளைக்கு யாராவது தலைகீழாக மாட்டினால் பெட்டி ஓடாது, அவ்வளவுதான், சாகாது.

திசை சரியாகவே இருந்தாலும் 12 வோல்ட் வேண்டாம். பெட்டி அரை ஆம்பியர் இழுத்தால், 9 வோல்ட்டில் ரெகுலேட்டர் சூடாகக் கழிப்பது 2 வாட், 12-இல் மூன்றரை வாட். சேலத்துக் கத்திரி வெயிலில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், அது வேண்டாத வேலை.

ட்யூப் டிவியின் பின்மூடியைத் திறப்பது

திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் ட்யூபில் பல ஆயிரம் வோல்ட் தேங்கி நிற்கும்.

விபூதி, கொலுசுப் பாலீஷ், உப்புத்தாள்

வெள்ளிக் கொலுசு ஊர் என்பதால் நம்மவர்களுக்கு மின்னாத உலோகத்தைக் கண்டால் கை பரபரக்கும். குத்துவிளக்குக்குப் போடும் விபூதியையும் கொலுசுக்குப் போடும் பாலீஷையும் கேசட் பின்களில் தேய்த்துக்கொண்டு வருகிறார்கள். பின்னில் இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. அது போனால் அடியில் செம்பு தெரியும். சேலத்தில் கொஞ்ச காலம் தாங்கும்; ஏற்காட்டுக்கு எடுத்துப்போய் 1,500 மீட்டர் உயரத்துப் பனிமூட்டத்தில் ஒரு மழைக்காலம் வைத்தால் பச்சைக் களிம்பு ஏறிவிடும். வாயால் ஊதுவதும் இதே கணக்கு. ஊதினால் ஓடுகிறது என்பது பிரமை. கழற்றி மறுபடி செருகியதால்தான் ஓடுகிறது. எச்சில் ஈரம் மட்டும் உள்ளே தங்கும்.

99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்குங்கள். பஞ்சுக் குச்சியை நனைத்து, பின்னின் நீளவாக்கில் இழுங்கள். குறுக்கே தேய்த்தால் ஒரு பின்னின் அழுக்கு அடுத்ததில் ஏறும். குச்சி வெள்ளையாக வரும்வரை மாற்றுங்கள், ஐந்து நிமிடம் காயவிடுங்கள். பெட்டியின் ஸ்லாட்டுக்கு, ஈரம் லேசாக இருக்கும் அதே கேசட்டைக் கரண்ட் இல்லாமல் பத்து தடவை செருகி எடுத்தால் போதும். சானிடைசர் ஜெல் வேண்டாம், பிசுக்கு நிற்கும். நகப்பூச்சு நீக்கி வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் கரையும். ஏற்காட்டு வீடாக இருந்தால் கேசட்டுகளை ஜிப் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

படம் வரவில்லை என்றதும் போர்டை நோண்டுவது

அசல் ஜப்பான் ஃபேமிகாமில் ஏவி வெளியீடு கிடையாது, ஆன்டெனா ஒயர்தான். அது ஒளிபரப்பும் 91, 97 மெகாஹெர்ட்ஸ் நம் ஊரில் எஃப்எம் ரேடியோ இடம். பல டிவிகள் அங்கே தேடவே தேடாது. தேடிப் படம் கிடைத்தாலும் சத்தம் வராமல் போகலாம். அவர்கள் ஒலி படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, நம் டிவி எதிர்பார்ப்பது 5.5. ஏவியில் மாட்டிய பெட்டி கறுப்பு வெள்ளையாக வந்தால் டிவி மெனுவில் கலர் சிஸ்டத்தை என்டிஎஸ்சி (ஜப்பானின் கலர் முறை) அல்லது ஆட்டோவில் வையுங்கள்.

எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் பேக்மேன்

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி, பழைய ஆட்டங்களை ஓட்டும் எமுலேட்டர் மென்பொருளைப் போட்டு, பிளைவுட்டில் ஆர்கேட் பெட்டி அடிக்கிறவர்களுக்கு இது. பேக்மேனும் (1980) டாங்கி காங்கும் (1981) நான்கு திசை ஆட்டங்கள். எட்டுத் திசைக் குச்சியில் திருப்பத்தில் கை சற்றுச் சாய்ந்தால் இரண்டு சுவிட்சும் ஒன்றாக அமுங்கும், பேக்மேன் திரும்பாமல் நேராகப் பேயிடம் போவான். “எமுலேட்டர் மெதுவாக இருக்கிறது” என்று புகார் வரும். குச்சிக்கு அடியில் இருக்கும் தடுப்புத் தகட்டைத் திருப்பி நான்கு திசைக்கு மாற்றக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள். திரையையும் நிமிர்த்தி வையுங்கள். பேக்மேன் படம் 224-க்கு 288, நெட்டை. அகலத் திரை முழுக்க இழுத்தால் பேய்கள் பூசணிக்காய் ஆகிவிடும்.

கோளாறே இல்லாததைப் பழுது பார்ப்பது

பேக்மேன் 256-ஆவது கட்டத்தில் திரையின் வலது பாதி எழுத்தும் எண்ணுமாகச் சிதறினால் போர்டு கெடவில்லை. கட்ட எண் 8 பிட்டில் 255-ஐத் தாண்டி நிரம்பி வழிகிறது. கட்டத்தை முடிக்கத் தின்ன வேண்டிய 244 புள்ளியையும் தின்ன வழியில்லாததால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. டாங்கி காங் 22-ஆவது கட்டத்தில் சில நொடியில் சாவதும் அதே வியாதி: நேரக் கணக்கு 260 வர வேண்டிய இடத்தில் 256 கழிந்து 4 மிஞ்சுகிறது. கான்ட்ராவில் ஆள்கள் மினுக்கினால் ஐசியை மாற்றாதீர்கள். ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவத்துக்கு மேல் அந்தப் பெட்டியால் வரைய முடியாது. 1978-இன் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் 55 எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடுவதும் அப்படியே: வரைய வேண்டியது குறைந்தால் சிப்பின் கை வேகமாகிறது. அதை ‘சரிசெய்த’ ஒருவர் ஆட்டத்தின் உயிரையே எடுத்துவிட்டார்.

சேவ் பேட்டரியில் நேராக ஈயம் வைப்பது

ஜெல்டா மாதிரி சேவ் ஆகும் கேசட்டுகளில் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி செல் இருக்கும். சூடு பட்டால் செல் வெடிக்கும். தகடு ஒட்டிய செல்லாகக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய நொடியில் பழைய சேவ் அழியும், அதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்சிடி டிவியில் துப்பாக்கி

வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கி ட்யூப் டிவிக்கானது. எல்சிடியில் வாத்து சாகாது.

‘9999 இன் 1’ கேசட்டைக் கூடுதல் விலைக்கு வாங்குவது

அதே சில ஆட்டங்கள்தான், பெயரையும் தொடங்கும் கட்டத்தையும் மாற்றி மாற்றி. பட்டியலில் ‘மாரியோ 14’ இருந்தால் அது ஐரெம் வெளியிட்ட கைகெட்சு யான்சமாரு 3-இன் நாயகனுக்கு மாரியோ தலையை ஒட்டியது. ஆட்டம் நன்றாகவே இருக்கும்.